இரண்டு பக்கமும் இருபத்தேழு

மார்கழி 3, செவ்வாய்

எழுதாத நாள் எனக்கு நாளாகாது. பழைய டைரி வெள்ளத்தோடு போய்விட்டது. இந்த நோட்டு பள்ளிக்கூடத்து அலமாரியில் இருந்தது. பள்ளி திறந்ததும் புதிதாக ஒன்று வாங்கி அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். ஆவுடையம்மாள் இனாமாக எடுத்துக்கொண்டாள் என்று ஒருவர் வாயில் வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை நேற்றும் விடவில்லை. குளங்கள் உடைந்து, ஆறும் கரையேறி, நேற்று விடியும்போது அடுப்படியில் முழங்கால் தண்ணீர். மருமகள் செண்பகம் என்னை இழுத்துக்கொண்டு மச்சுப்படியில் ஏறினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்குச் சுவர் சாய்ந்தது. அதில் மாலையோடு மாட்டியிருந்த என் மகன் படம், கீழே மாடத்தில் இருந்த போன், எல்லாம் அதோடு போயின. வீட்டுக்கு இருந்ததே அந்த ஒரு போன்தான்.

கடற்கரை ஊர்களிலிருந்து மீன்பிடிப் படகுகளை லாரியில் ஏற்றி வந்தவர்கள்தான் எங்களை மீட்டார்கள். எங்களை ஏற்றிய படகுக்காரர் பெயர் மிக்கேல். ஏறுவதற்குக் கை கொடுத்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நானாகவே ஏறினேன்.

இருப்பது பள்ளிக்கூடத்து மாடி, ஐந்தாம் வகுப்பு. நான் படித்த காலத்தில் இந்த இடத்தில் ஓலைக்கொட்டகை. ஐந்தாம் வகுப்பில் கணக்குக்கு நான்தான் முதல். ஆறாம் வகுப்புக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். பெண்பிள்ளையைத் தாண்ட விடவில்லை. அதோடு சரி. ஐந்து வகுப்பு என்றாலும் முழுசாகப் படித்த ஐந்து. இந்த ஊரில் பட்டம் வாங்கியவர்கள் போட்ட வட்டிக் கணக்கை நான் திருத்தியிருக்கிறேன்.

கரும்பலகை நல்ல கருப்பு. சாக்பீஸும் ஒரு பெட்டி இருக்கிறது.

செண்பகம் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். வீட்டுக்காக அல்ல, வடிவுக்காக.

வடிவு என் பேத்தி, செண்பகத்தின் மகள். சென்னையில் கணக்கு படித்து முடித்தாள். எண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஜெர்மனிக்குப் போகிறாள். நாலு வருஷம், சம்பளம் அவர்களே கொடுக்கிறார்கள். பக்கத்துப் பாயில் இருக்கும் பேச்சியம்மை, எண்ணைப் பத்திப் படிக்க அம்புட்டுத் தூரம் போகணுமா, இங்கன எண்ணே இல்லையா என்று கேட்டாள். அவளிடம் என்ன பேசுவது. ஆட்டையும் மாடிக்கு ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறாள்.

சனிக்கிழமை ராத்திரி பிளேன். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுச் சிநேகிதி வீட்டில் இருக்கிறாள். அந்தச் சிநேகிதி பெயரும் எங்களுக்குத் தெரியாது. போகும் முன் ஊருக்கு ஒருநடை வருகிறேன் என்றாள். பயணத்துக்கு முன்னால் அலைச்சல் எதற்கு, ஆசீர்வாதத்துக்குப் போன் போதும் என்று நான்தான் சொல்லிவிட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வழியனுப்புகிற ஆள் நானில்லை.

இப்போது டிவியில் எங்கள் ஊர்ப்பக்கம்தான் காட்டுவார்கள். போன் போட்டால் போகாது. செண்பகம் சொல்வதும் அதுதான். “அவ கிளம்பி வந்துருவா அத்தை. பிளேனையும் விட்டுருவா. ஒண்ணாந்தேதி அங்கன போய்ச் சேரலைன்னா எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்.”

வரமாட்டாள் என்றேன். வந்தாலும் எப்படி வருவாள்? ரயில் இல்லை. ரோடு அறுந்து கிடக்கிறது.

மார்கழி 4, புதன்

மிக்கேல் காலையில் பன்னும் பாலும் கொண்டுவந்தார். இங்கே அவர் போனில் ஒரு கோடுகூட வரவில்லை. டவர் எல்லாம் செத்துவிட்டது. பைபாஸ் ரோட்டுக்குப் போனால்தான் பேச முடியும். அதனால் அவரவர் உறவுக்காரர் நம்பரையும் சொல்ல வேண்டிய சேதியையும் துண்டுத்தாளில் எழுதி அவரிடம் கொடுக்கிறோம். கரைக்குப் போய் அவர் போனிலிருந்து பேசிவிட்டு, மறுநாள் வரும்போது பதில் சொல்வார். ஒரு கேள்விக்கு ஒரு நாள்.

ஆனால் நம்பர் யாருக்குத் தெரிகிறது? இந்த அறையில் யாருக்கும் பெற்ற பிள்ளையின் நம்பர் மனப்பாடமில்லை. எல்லாம் போனுக்குள் இருந்தது, போன் தண்ணீருக்குள் இருக்கிறது. பேச்சியம்மை தன் மகன் நம்பர் ‘ரெண்டுல முடியும்’ என்கிறாள். மிக்கேல் அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதி வைக்காமலே தெரியும்.

வடிவு இந்த நம்பரை வாங்கிய அன்றைக்கு ஊரில்தான் இருந்தாள். என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, “ஆச்சி, இதைப் போன் நம்பராப் பாக்காத. ஒரு பெரிய முழு எண்ணாப் பாரு. எத்தனை நூறு கோடி பாரு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. இதுக்கு என்னன்னு கண்டுபிடி” என்றாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தில் விரலால் எழுதிக் காட்டினாள்.

பத்து இலக்கம். முன் நான்கை இங்கே எழுதப்போவதில்லை. பெண்பிள்ளையின் நம்பர், நோட்டு யார் கையில் சிக்குமோ. பலகையிலும் முதல் நான்குக்குப் பதில் நான்கு வட்டம்தான் போட்டேன். அந்த நான்கையும் கூட்டினால் இருபத்து மூன்று. மீதி ஆறும் 5 9 7 2 6 2. ஐம்பத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்திரண்டு. இவற்றைக் கூட்டினால் முப்பத்தொன்று. ஆக மொத்தம் ஐம்பத்து நான்கு. ஐந்தும் நான்கும் ஒன்பது. இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பதில் அடங்கினால் எண்ணும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். சுடலைமுத்து வாத்தியார் எங்களுக்குப் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது. வடிவு சொன்ன முதல் குணமும் அதுதான்: ஒன்பதால் வகுபடும் எண். ஆக நம்பர் சரி.

அவள் இன்னொரு குணமும் சொன்னாள். தராசுக் கணக்கு என்று பெயர் வைத்திருந்தோம். அது இப்போது வேண்டியதில்லை. ஒன்று சரியாக வந்தால் போதாதா?

துண்டுத்தாளில் நம்பரை எழுதி, ‘நாங்கள் நலம். ஆச்சி’ என்று போட்டுக் கொடுத்தேன்.

படகு போன பிறகு செண்பகம் கேட்டாள். “வராதன்னு எழுதலையே அத்தை?”

தாள் சின்னது என்றேன்.

ஆளுக்கு இரண்டு பன். ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுக்க ஏதாவது வேண்டுமே.

மார்கழி 5, வியாழன்

கொடுத்த பழைய துணிகளில் நைட்டி ஒன்று எனக்கென்று ஒதுக்கினார்கள். பூப்போட்டது. பேச்சியம்மைக்குக் கொடுத்துவிட்டேன். என் சேலையைப் பாதி உடுத்தியபடி பாதி காயவைத்து, பிறகு மாற்றிக்கொண்டேன். ஆட்டுக்கு நேற்றைய பன்னைக் கொடுத்தேன். காய்ந்துவிட்டது, மனுஷருக்குக் கொடுக்க முடியாது. இன்றைக்கு வந்ததில் ஒன்றை எடுத்து வைத்தேன்.

படகுச் சத்தம் கேட்டதும் வராந்தாவுக்குப் போய் நின்றேன். அறைக்குள் ஒரே புழுக்கம். மிக்கேல் மட்டும்தான் வந்தார். கூட வேறு யாரும் இல்லை.

மேலே ஏறி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்பதுபோல நின்றார். “ஆச்சி, நீங்க குடுத்த நம்பர்ல ஒரு பெரியவருல்லா எடுத்தாரு. கோயம்புத்தூராம். எனக்குப் பேத்தியும் இல்ல ஆச்சியும் இல்லங்காரு. ஆனாலும் அந்தம்மா நல்லா இருக்காங்கன்னு கேட்க சந்தோசம், சாப்பிட்டாங்களான்னு கேட்டாரு.”

அறை முழுக்கச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நம்பர் சரி, விரல் தவறியிருக்கும், மறுபடியும் போடும் என்று அதே தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். மறுத்துப் பேசுகிற ஆளில்லை.

பொழுது போக வேண்டாமா. பலகையில் அந்த எண்ணை வைத்து வகுத்துக்கொண்டிருந்தேன். பலகையை ஒட்டி நின்று முதுகால் மறைத்துக்கொண்டேன், முன் நான்கு இலக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. முதலில் இரண்டால் வகுத்தேன், போயிற்று. வந்த ஈவை ஒன்பதால் வகுத்தேன். அதுவும் மீதியில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு முரண்டு பிடிக்கிறது. ஏழால் வகுத்தால் ஆறு மீதி. பதின்மூன்றால் வகுத்தால் ஒன்று மீதி. ஒன்றே ஒன்று, வாசல்வரை வந்து உள்ளே நுழையாததுபோல. பதினேழால் வகுத்தால் ஒன்பது மீதி. பெரிய எண் என்றால் பெரிய வீடு மாதிரி என்று வடிவு சொல்வாள். எத்தனை அறை இருக்கிறது என்று வெளியே நின்று சொல்ல முடியாது, ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தேன். தோளெல்லாம் சாக்பீஸ் தூள்.

செண்பகம் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். என்னிடம் எதிர்த்துப் பேசமாட்டாள், ஆனால் பேசினால் ஒன்று பேசுவாள்.

“அத்தை, ஏழு பாத்தாச்சு, பதிமூணு பாத்தாச்சு. பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கெடக்குல்லா. அதை ஏன் பாக்கலை?”

பதினொன்றைச் சொல்கிறாள்.

“நீங்களும் அவளும் தராசு தராசுன்னு சொல்லிச் சிரிப்பியளே. அது பதினொண்ணுக்குத்தானே?”

கை வலிக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பலகையை அழித்தேன்.

செண்பகம் தன் பாயைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் உப்புமா வாங்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அதே நாள், விளக்கு ஏற்றிய பிறகு

ஒன்று எழுத மறந்தேன். மிக்கேல் சொன்னார்: பைபாஸ் முழுக்கக் கூட்டமாம். சென்னை, பெங்களூர் என்று எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் பையும் கையுமாக வந்து நிற்கிறார்களாம், தாய் தகப்பனைப் பார்க்க. வடிவைப்போல ஒரு பெண் நிற்கிறாளா, கண்ணாடி போட்டவள், நடக்கும்போது தோளைச் சற்றே தூக்கி நடப்பாள் என்று கேட்டேன். நிறையப் பேர் நிற்கிறார்கள் என்றார்.

நிறையப் பேர்.

மார்கழி 6, வெள்ளி

எழுதியாக வேண்டும்.

மிக்கேல் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். முகம் சரியில்லை. பன் மூட்டையை இறக்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். நாங்கள் கேட்காமலே சொன்னார். நேற்றுச் சாயங்காலம் பைபாஸ் பக்கம் நின்ற பையன் ஒருவன், படகு வரும்வரை பொறுக்காமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டானாம். அம்மா தனியாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இறங்கினானாம். பாலத்துக்குப் பக்கத்தில் இழுப்பு அதிகம். இவர் படகைத் திருப்பிப் போவதற்குள் கயிறுதான் இருந்தது.

“சத்தம் போட்டேன் ஆச்சி. கேக்கல. வீட்டைப் பாத்துக்கிட்டே போறான்.”

பேச்சியம்மை ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் சேதிக்கு வருவோம் என்று அவர் தாளை எடுத்தார். அதே கோயம்புத்தூர்ப் பெரியவர்தானாம். நான் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்து பலகைக்குப் போனேன்.

தராசுக் கணக்கு இதுதான். எண்ணின் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்ட வேண்டும். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று ஒரு தட்டு. இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று மற்றொரு தட்டு. இரண்டும் சமமாக நின்றால் எண் பதினொன்றால் வகுபடும். வடிவின் எண்ணில் இரண்டு தட்டும் சமம். இரண்டு பக்கமும் இருபத்தேழு. “இருபத்தேழு நட்சத்திரம் ஆச்சி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்” என்று முறத்தில் குத்திக் குத்திக் காட்டினாளே.

போட்டேன். முதல் தட்டில் முப்பத்திரண்டு. இரண்டாம் தட்டில் இருபத்திரண்டு. மொத்தம் அதே ஐம்பத்து நான்கு. அதனால்தான் ஒன்பதுக் கணக்குச் சரி என்றது. இலக்கங்கள் இடம் மாறினால் ஒன்பதுக்குத் தெரியாது. அது கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கும், எது எங்கே நிற்கிறது என்று பார்க்காது. தராசுக்குத் தெரியும்.

முதல் தட்டில் ஐந்து கூடுதல், இரண்டாம் தட்டில் ஐந்து குறைவு. அப்படியானால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு தட்டு மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஐந்து வித்தியாசமுள்ள ஜோடி எது? ஏழும் இரண்டும். வேறு ஜோடி இல்லை. மாற்றி எழுதினேன். 5 9 2 7 6 2. ஐம்பத்தொன்பது, இருபத்தேழு, அறுபத்திரண்டு. இந்தப் பக்கம் இருபத்தேழு. அந்தப் பக்கம் இருபத்தேழு.

சாக்பீஸ் எடுத்துப் போட்டு முடிக்கும்வரை மிக்கேல் குடித்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கவில்லை. அவ்வளவு நேரம்தான்.

தாள் வாங்கி எழுதினேன். இந்த முறை தாளின் அளவைப் பார்க்கவில்லை. ‘வடிவு, நாங்கள் இருவரும் நலம். மேல் மாடியில் இருக்கிறோம். சாப்பாடு இருக்கிறது. நீ வராதே. எங்கே இருந்தாலும் திரும்பு. பிளேனில் ஏறு. ஆச்சி சொல்கிறேன், ஏறு.’

நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த தெருவில் யாரோ நோயாளி என்று கூப்பிட்டார்கள். மிக்கேல் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டார். கூப்பிட்டேன், இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. செண்பகம் தாளைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு, படியில் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நடந்தாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்த்துப் படகை நிறுத்தினார். அவள் தாளை நீட்டினாள்.

நனைந்து வந்தவளுக்கு என் காய்ந்த சேலைப் பாதியைக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

“அம்பத்தொம்பதுக்கு அப்புறம் இருபத்தேழுன்னு சொல்லும்போதெல்லாம் அவ சிரிப்பாள்லா. ரெண்டு பக்கமும் இருபத்தேழு, உள்ளேயும் ஒரு இருபத்தேழு ஒளிஞ்சிருக்குன்னு. அதைப் போயா மறந்திய?”

துவட்டிய முடியை உதறிக் கட்டிக்கொண்டு, “சரி, விடுங்க” என்றாள்.

பன்னை எடுத்து வைத்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை. இப்போது பார்க்கிறேன், முந்தானையில் இருக்கிறது.

மார்கழி 7, சனி

வெயில் அடித்தது. தண்ணீர் படியில் இரண்டு வரிசை இறங்கியிருக்கிறது. கீழே சத்துணவு அறையில் சேறு அள்ளுகிறார்கள். செண்பகமும் போயிருக்கிறாள். என்னை வரவேண்டாம் என்றார்கள். வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

பகல் முழுக்க மிக்கேல் வரவில்லை. வேறு படகுதான் வந்தது.

சாயங்காலம் வந்தார். படியேறும்போதே சிரிப்பு தெரிந்தது. செண்பகம் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள்.

நேற்று மத்தியானம் பைபாஸ் போனதும் முதல் வேலையாக அந்த நம்பருக்குத்தான் போட்டாராம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாளாம். அவள் சென்னையில் இல்லை. மதுரை பஸ் ஸ்டாண்டில், பையோடு, இந்தப் பக்கம் வருகிற ஏதாவது வண்டிக்காக நின்றுகொண்டிருந்தாளாம். நான் எழுதியதை இவர் வாசித்தாராம். முழுசாக ஒருமுறை, அவள் கேட்டதால் இன்னொரு முறை.

“அழுதாளா?” என்று செண்பகம் கேட்டாள்.

“அழுதாப்ல இருந்துச்சு. பொறவு என்கிட்ட, மொதல்ல ஆச்சி என்ன நம்பர் குடுத்தாங்கன்னு கேட்டுச்சு. அந்தத் தாளும் பையிலதான் கெடந்துது, வாசிச்சுச் சொன்னேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. லைன் போயிட்டோன்னு நெனைச்சேன்.” மிக்கேல் என்னைப் பார்த்தார். “பொறவு சொல்லிச்சு: எங்க ஆச்சிக்கு அது ஒரு மூச்சுக் கணக்கு அண்ணே, அதுக்கு மூணு நாளா ஆச்சு? அப்படின்னு.”

செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“திரும்பிப் போறேன்னு சொல்லச் சொல்லிச்சு ஆச்சி. அப்பவே மெட்ராஸ் பஸ்ல ஏறிட்டு. காலையில போய்ச் சேந்துட்டேன்னு போன் வந்துது. இன்னைக்கு ராத்திரி பிளேன் ஏறுமுன்ன இன்னொரு தடவை எனக்குக் கூப்பிடுமாம். ஏதாவது சொல்லணுமான்னு கேக்கச் சொல்லிச்சு.”

எனக்குத் தெரிந்து இந்த ஊரில் யாரும் என்னை ஞாபகமறதிக்காரி என்று சொன்னதில்லை. ஐம்பது வருஷத்துக் கல்யாண வரிசை முதல் காவல்கிணற்றுச் சந்தையில் வாங்கிய மாட்டின் விலை வரை என்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

“ஆச்சிக்கு வயசாயிட்டு, மறதி வந்துட்டுன்னு சொல்லும். வேற ஒண்ணும் இல்லைன்னு சொல்லும்” என்றேன்.

மிக்கேல் தலையாட்டினார். நான் தாளில் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. படகு போகும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பேச்சியம்மை, உன் மறதிக்கு வல்லாரைக்கீரை நல்லது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மார்கழி 8, ஞாயிறு

போய்விட்டாள்.

அங்கே போனால் வேறு நம்பர் என்று ஏறும் முன் மிக்கேலிடம் சொன்னாளாம். இந்த எண் கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது போகும். அவர்கள் அதைப் போன் நம்பர் என்றுதான் நினைப்பார்கள். அது இரண்டால் வகுபடும், ஒன்பதால் வகுபடும், பதினொன்றால் வகுபடும் என்று அவர்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? நேற்று ராத்திரி படுத்துக்கொண்டே மனதுக்குள் சரியான எண்ணை வைத்து மேலும் வகுத்தேன். மூன்றையும் எடுத்துவிட்ட பிறகும் எட்டு இலக்கம் மிஞ்சி நிற்கிறது. பதின்மூன்றால் தட்டினேன். இதற்கும் ஒன்று மீதி.

பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தார். செவ்வாய்க்கிழமை அறைகளைக் கழுவ ஆள் வருகிறதாம், பலகையில் இருப்பதை அழித்துவிடலாமா பாட்டி என்று கேட்டார். அழியுங்கள் என்றேன். நான்கு வட்டத்தையும் அவர் அழித்தார். 5 9 2 7 6 2. அதையும் அழித்தார். நோட்டுக்குப் பதில் நோட்டு வாங்கித் தருவேன் என்று சொன்னேன். எந்த நோட்டு என்றார்.

மத்தியானம் மிக்கேல் பன் கொடுத்தார். இரண்டு. வராந்தாவில் நின்று இரண்டையும் தின்றேன்.